ஆம்பூர் காலாம்மாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காலாம்மா,

நீங்கள் படித்தது உருதுப் பள்ளியில். தமிழ் பேசுவீர்கள், படிக்க வராது. பேத்தி படித்துக் காட்டுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்களைப் போன்ற காலாக்கள் பேர்ணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் இருக்கிறார்கள். எதிர்வீட்டு, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் மரியாதைப் பேச்சைச் சொல்லிக்கொடுத்ததற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

என் மகன் பாக்குவில் டாக்டருக்குப் படிப்பது உங்களுக்குத் தெரியும். காஸ்பியன் கடலோரத்தில், அஜர்பைஜானின் தலைநகரம். அவன் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர். அவரிடம் வீடியோ காலில் வெறுமனே தலையாட்டிவிட்டு வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலு மரியாதைச் சொல்லாவது கற்றுக்கொள்ளலாம் என்று அஜர்பைஜானி படிக்க உட்கார்ந்தேன்.

அது துருக்கி மொழிக்கு நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் அரபு எழுத்தில் எழுதினார்கள், சோவியத் ஆட்சியில் ரஷ்ய எழுத்துக்கு மாற்றப்பட்டது, 1991இல் சுதந்திரம் வந்ததும் லத்தீன் எழுத்துக்கு வந்துவிட்டார்கள். புது மொழி, புது எழுத்து என்று தயங்கித்தான் மரியாதைச் சொற்களின் பக்கத்தைத் திறந்தேன். திறந்தால் உங்கள் வீட்டுப் பேச்சு! பார்த்ததும் ‘சலாம்’. விடைபெறும்போது ‘குதாஹாஃபிஸ்’. ஒன்று கேட்க வேண்டுமானால் ‘ஸஹ்மத் ஓல்மாஸா’, அதாவது உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால். டீக்கு ‘சாய்’, அதோடு வைக்கிற பழப்பாகுக்கு ‘முரப்பா’. நாம் இஞ்சியில் செய்கிற அதே முரப்பா. அம்மா கூடப் பிறந்தவளை அங்கேயும் ‘காலா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், நீங்கள் எனக்குத் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொடுத்த அதே தொண்டைக் ‘கா’. தெருவில் போகிற வயதான பெண்மணியும் அவர்களுக்குக் காலாதான். அப்பாவின் அண்ணன் தம்பிக்கு ஒரு பெயர், அம்மாவின் அண்ணன் தம்பிக்கு வேறு பெயர் என்று நம்மைப் போலவே முறை பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பாரசீகமும் அரபும் எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன பாருங்கள். பக்கத்தில் ஆற்காட்டில் நவாபுகளின் கச்சேரியில் பாரசீகம் புழங்கியது. இன்றைக்கும் தமிழில் வக்கீல் இல்லாமல் கோர்ட் இல்லை, ஆஜர் ஆகாமல் வழக்கு இல்லை. பாக்குவிலும் வக்கீல் ‘வெகீல்’தான், ‘ஹாஸிர்’ என்றால் தயார்.

ஆனால் சொல் கிடைத்ததற்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை. சொல் புத்தகத்திலும் கிடைத்துவிடும். அதை எப்போது, எந்தக் குரலில், முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதை நான் உங்கள் வாசற்படியில்தான் கற்றேன்.

நீங்கள் அங்கே உட்கார்ந்துதான் ஷூ அப்பர் தைப்பீர்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, தோலை மடியில் வைத்து, ஒரே துளையில் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு, மெழுகு நூலை இரு கையாலும் இழுத்து இறுக்குவீர்கள். சாயந்திரத்துக்குள் முடிக்க வேண்டிய மூட்டை பக்கத்தில் இருக்கும். அப்போதும் யாராவது வந்து நின்றால் ஊசியை நிறுத்தி, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் பேசுவீர்கள். கணக்கில் கூலியைக் குறைத்த ஏஜென்டைக்கூட ‘ஆப்’, அதாவது நீங்கள், என்றுதான் கூப்பிட்டீர்கள். மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை, காசில் ஒரு பைசா விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டும் ஒரே வாயில் முடியும் என்று நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் சில்லறை இல்லாத நாளில் பிச்சை கேட்டு வந்தவரை ‘மாஃப் கரோ பாவா’ என்று மன்னிப்புக் கேட்டுத்தான் அனுப்புவீர்கள். ‘இல்லை, போ’ என்ற பேச்சே உங்கள் வாசலில் கிடையாது.

2015 ஜூன் கடைசியில் ஊரில் நடந்த கலவரத்தை நாம் இரண்டு பேருமே மறக்கவில்லை. கடைகள் மூடி, தெருவே பேச்சற்றுக் கிடந்த காலையில், எப்போதும்போலக் கதவைத் திறந்து ‘கைசே ஹை மா’, எப்படி இருக்கிறாய் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது.

போன குளிர்காலத்தில் பாக்கு அம்மாவின் அண்ணன் இறந்துபோனார். மகன் போனில் சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை. நான் படித்திருந்தது ‘நலமா’, ‘நல்லிரவு’, ‘மன்னியுங்கள்’ போன்றவைதான். அப்போது உங்கள் வீட்டுக்காரர் மௌத்தான நாள் ஞாபகம் வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றவளை நீங்கள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தீர்கள். பிறகு ஒருநாள் சொன்னீர்கள்: ‘எப்படி ஆச்சு, எப்ப ஆச்சுன்னு கேக்க வேணாம் மா. போனவங்களுக்காக ஒரு வார்த்தை துவா சொல்லிட்டுப் பக்கத்துல உக்காரு, அது போதும்.’ அதையே செய்தேன். மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அம்மா முகம் தெரிந்ததும் ‘அல்லாஹ் ரஹ்மத் எலெஸின்’, அல்லாஹ் அருள் புரியட்டும் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் பேசாமல் இருந்தேன், போனை வைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் பதில் சொன்னார். உங்கள் வீட்டில் போனவர்களுக்கும் அந்த அருள் கிடைக்கட்டும் என்று. அந்த ஊர் வழக்கம் அது. என் அம்மாவைப் பார்த்தே இராத ஒருத்தி பாக்குவில் உட்கார்ந்து அவளுக்காக வேண்டிக்கொண்டாள், காலாம்மா.

மகன் லீவுக்கு வரும்போது உங்களைப் பார்க்க வருவான். முதலில் அவன் சலாம் சொல்ல வேண்டும், மறந்தால் விடாதீர்கள்.

அங்கே நன்றிக்கு ‘ஸாக் ஓலுன்’ என்பார்கள், நல்லா இருங்கள் என்று பொருள். ஒருவர் சொன்னதோ செய்ததோ மனசுக்கு நிறைவாக இருந்தால் இன்னொன்றும் சொல்வார்கள், அந்த அருள் உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கட்டும் என்று. உங்கள் தகப்பனாரை நான் பார்த்ததில்லை. தோல் மண்டியில் கணக்கு எழுதினார், கூலியாட்களையும் ‘ஜி’ போட்டுத்தான் கூப்பிடுவார் என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் காலாம்மா: அத்தானிஸா ரஹ்மத்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்வீட்டுப் பெண்