மெதுவாக ஓடலாம், வாருங்கள்!

"ஐம்பத்திரண்டு வயதில் ஓடப் போகிறேன்" என்றதும் என் நாத்தனார், "எந்த பஸ்ஸைப் பிடிக்க?" என்று கேட்டாள். பெண் ஓடினால் உலகத்துக்குப் பொறுப்பதே இல்லை. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய காத்ரின் ஸ்விட்ஸரை அதிகாரி ஒருவர் வழியிலேயே பிடித்து இழுத்தார்! ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-இல்தான்.

எனக்கோ பந்தயம் எதுவும் இல்லை. அம்மாவைப் படாத பாடு படுத்திய சர்க்கரை வியாதி, என் வாசற்படிக்கும் வந்துவிட்டது என்றார் டாக்டர். ஓடுவதற்குச் சம்மதம் கொடுத்தவரும் அவரே.

வழி வெகு சுலபம், சகோதரிகளே! முதலில் ஐந்து நிமிஷம் விறுவிறு நடை. பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படி ஏழு தடவை. வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகத்தான் நாளாகும். வாரா வாரம் ஓட்டத்தைச் சிறிது கூட்டி, நடையைக் குறைக்கலாம்.

வேகமா? கூட வருபவரிடம் வீட்டுக் கதை பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். அடியைக் குட்டையாக வையுங்கள். ஜோடு வாங்கச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும். விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் உடனே நின்று, டாக்டரிடம் போங்கள்.

பத்தாவது வாரம் மெரினாவில் இருபது நிமிஷம் நிற்காமல் ஓடினேன். நடையாகவே வந்த தாத்தா ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகட்டுமே! அவரவர் வியாதியை அவரவர் வேகத்தில் விரட்டினால் போதாதா?