மாமாவின் கண்ணும் மோட்டாரின் விளக்கும்

நமது சங்கத்து அன்பர்களுள் பலர் என் மாமனாரின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டாரை அறிவார்கள். பொங்கல் விழாவின்போது குழந்தைகள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வதும், "இது இன்னும் ஓடுகிறதா?" என்று பெரியவர்கள் கேட்பதும், "உங்களைச் சென்னை வரை கொண்டுபோய் விடும்" என்று மாமா சற்றே கோபத்துடன் விடையளிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்கின்ற காட்சிகள். சென்ற கார்த்திகை முதல் மாசி வரை அந்த வண்டி பொழுது சாய்ந்தபின் வெளியே வரவில்லை என்பதைக் கவனித்த சிலர் என்னிடம் காரணம் கேட்டார்கள். அதைச் சொல்வதானால் என் குற்றத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். நான் இயந்திரக் கலை பயின்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயின் சிக்னல் பிரிவு அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா. எழுதுவதில் பிழை இருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

முதலில் வண்டியைப் பற்றி. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது இது. உருவம் வகுத்தவர் மிக்கலோத்தி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் நமது நாட்டிலேயே செய்து விற்றனர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி, அதன்மேல் திறந்த உடலைப் பொருத்தித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் விரைவு மோட்டாரைச் செய்தார்கள். ஆகவே தம் வண்டி ஒரு பந்தய மோட்டாரின் தமையன் என்பது மாமாவின் கட்சி. மறுத்துப் பேசிப் பயனில்லை. 1979இல் இதனைப் பழைய வண்டியாகச் சென்னையில் வாங்கி, நாகபுரியில் வேலை கிடைத்தபோது ரயிலில் ஏற்றாமல் தாமே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் குடும்பத்துடன் ராம்டேக் சென்று, மலைமேலுள்ள இராமர் கோயிலில் தரிசனம் முடித்துத் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. மாமா ஓட்டினார். பின்னால் என் மனைவியும் குழந்தையும். பருத்தி எடுக்கும் காலம். சுமை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் மாட்டு வண்டி ஒன்று, விளக்கும் இல்லாமல், பின்புறம் ஒரு சிவப்புத் துணிகூட இல்லாமல் முன்னே போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக் கத்துவதற்கும் மாமா பிரேக்கை மிதிப்பதற்கும் நேரம் சரியாக இருந்தது. வண்டிக்கும் எங்களுக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். குழந்தை மட்டும் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் கூடி ஒரு தீர்ப்பு எழுதினோம். மாமாவுக்கு எழுபத்துநான்கு வயது. இரண்டு கண்களிலும் புரை நீக்கியாயிற்று. இனி இரவில் ஓட்டவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன விதமும் நன்றாயில்லை. "மாமா, உங்கள் கண் முன்போல் இல்லை, குழந்தை இருக்கிறாள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுவாரம் கண் மருத்துவர் சோதித்து, வயதுக்குப் பார்வை குறைவில்லை என்றார். அதை ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

தை மாதத்தில் ஓர் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. என் ஸ்கூட்டர் பழுது பார்க்கப் போயிருந்தது. சாமி படத்துக்குக் கீழிருந்த சாவியை எடுத்துக்கொண்டு நானே ஹெரால்டை ஓட்டிச் சென்றேன். தெருவிளக்கு இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ரயில்வே குடியிருப்பைத் தாண்டியதும்தான் விஷயம் விளங்கிற்று. முப்பத்தாறு வயதான என் கண்ணுக்கும் பாதை தெரியவில்லை! முன்னே விழுந்தது வெளிச்சமா, மஞ்சள் கரைத்த தண்ணீரா என்று ஐயுறும்படி இருந்தது. மருந்துடன் திரும்பி வந்து நெடுநேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமாவிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல நாணி, சரிசெய்தபின் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நமது சங்கத்துக்கு வருகின்ற அன்பர் ஒருவர் சிக்னல் பராமரிப்பில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர், விழுப்புரத்துக்காரர். அவரிடம் முறையிட்டேன். "பல்பை மாற்றினால் போதுமா, ஐயா?" என்றேன். "பல்பு என்ன பாவம் செய்தது, தம்பி? அதற்குச் சாப்பாடு போய்ச் சேருகிறதா என்று பார்" என்று ஒரு வோல்ட் மீட்டருடன் வந்தார். இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டு, விளக்கை ஏற்றி, பாட்டரியின் இரு முனைகளில் அளந்தார்: 13.4 வோல்ட். விளக்கின் பின்புறத்தில் அளந்தார்: 10.1. வழியில் மூன்றேகால் வோல்ட்டுக்கு மேல் காணாமற் போயிருந்தது.

அதனால் என்ன, நாலில் ஒரு பங்குதானே குறைவு என்று நான் நினைத்தேன். இழை விளக்கின் கணக்கு அப்படியன்று. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நாலில் ஒரு பங்கு குறைந்த எங்கள் விளக்கில் பாதி வெளிச்சம்கூட மிஞ்சவில்லை. மாமா நான்கு மாதமாகச் சுமந்த பழியில் பெரும்பகுதி இந்த மூன்றேகால் வோல்ட்டுக்கு உரியது.

அது எங்கே போயிற்று? அக்காலத்து மோட்டார்களில் பெரும்பாலும் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, ஓட்டுநர் கையருகிலுள்ள சுவிட்சுக்கு வந்து, பிறகு டிப் சுவிட்சுக்குப் போய், மீண்டும் வண்டியின் மூக்கு வரை நடக்கவேண்டும். வழிநெடுகப் பழைய இணைப்புகள். ஒவ்வொன்றிலும் அறுபது ஆண்டுப் பச்சைக் களிம்பு. இடையிடையே யார் யாரோ முறுக்கி ஒட்டுத்துணி சுற்றிய கைவேலை வேறு. ஹெரால்டுக்கென்றே இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் முன்பகுதி, விளக்கு, மட்காடு எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஆகவே விளக்கிலிருந்து மின்சாரம் திரும்பும் எர்த் வழி ஒரு மெல்லிய கம்பியை நம்பியிருக்கிறது. அந்த ஒரு கம்பியில் மட்டும் 1.2 வோல்ட் தொலைந்திருந்தது.

"ரிலே போடு" என்றார் அன்பர்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் பேரேட்டில் எழுதிவருகிற சொல் அது. ரிலே இத்தனை வரவு, இத்தனை செலவு, இத்தனை கையிருப்பு. அது என்ன செய்யும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்பர் தரையில் சாக்பீசால் படம் வரைந்து விளக்கினார். ரிலேக்குள் ஒரு கம்பிச் சுருள். அதில் சிறிதளவு மின்சாரம், ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்பு நாக்கை இழுக்கும். நாக்கு தொடுமுனையைச் சேர்த்ததும், பாட்டரியிலிருந்து நேராக வேறொரு தடித்த கம்பி வழியே பெருமின்சாரம் விளக்குக்குப் போகும். பழைய சுவிட்சுக்கு இனி ஏவும் வேலை மட்டுமே. சுமக்கும் வேலை இல்லை. அதிகாரி ஓர் எழுத்தில் கையொப்பம் இட, நூறு மூட்டையைக் கூலியாட்கள் தூக்குவது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாமான்கள் எல்லாம் கடைவீதியில் காசு கொடுத்து வாங்கியவை. அலுவலகத்துப் பொருளில் ஒரு திருகாணியையும் தொடவில்லை என்பதை என் மேலதிகாரிகளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். கடைக்காரர் 100 வாட் பல்பை வற்புறுத்தினார்; பிறகு எல்.இ.டி. விளக்கைக் காட்டினார். இரண்டையும் மறுத்தோம். எங்கள் வண்டியில் இருப்பது பழைய டைனமோ. இருபது ஆம்பியர் அளவுக்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது பாவம். இழை பல்புக்கென வகுத்த கிண்ணத்தில் எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும். 60/55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டும், இடப்பக்கம் செல்லும் நாட்டுக்கேற்ற கண்ணாடி இரண்டும் வாங்கினோம். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கான கண்ணாடி மலிவாகக் கிடைத்தது. அது தாழ் ஒளியைக்கூட எதிரே வருபவர் பக்கம் தூக்கி அடிக்கும்.

வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தது. முதல் ஞாயிறு என் அவசரத்தால் வீணாயிற்று. பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடவேண்டும் என்று அன்பர் சொல்லியிருந்தும், அவர் வருமுன் ஒரு திருகை முடுக்கிவிடுவோமே என்று ஸ்பானரை வைத்தேன். அதன் மறுமுனை வண்டியின் உடலைத் தொட்டது. தீபாவளிதான்! ஸ்பானரில் ஒரு கடி விழுந்தது; என் கையில் கொப்புளம். "சிக்னல் ஆபீசில் இதைத்தான் கற்றுக் கொடுக்கிறார்களா?" என்றாள் மனைவி.

மறு ஞாயிறு முறைப்படி நடந்தது. உயர் ஒளிக்கு ஒரு ரிலே, தாழ் ஒளிக்கு ஒரு ரிலே. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் பொறித்திருக்கும். 30க்குப் பாட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, தொடக்கத்திலேயே ஒரு பியூசுடன். 87இலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. 85இலிருந்து எர்த்துக்கு. 86க்கு வண்டியின் பழைய கம்பிகளே: நீலத்தில் வெள்ளைக் கோடு உயர் ஒளிக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு தாழ் ஒளிக்கு. பழைய ஆங்கில வண்டிகளின் வண்ண வழக்கு அது. விளக்குகளின் எர்த் கம்பியையும் தடித்ததாக மாற்றி, மூடி கவிழும்போது இழுபடாதபடி சற்றுத் தொய்வு விட்டுக் கட்டினோம்.

ஓரிடத்தில் அன்பர் வெகுநேரம் யோசித்தார். "ரயிலில் ரிலே கெட்டால் சிக்னல் சிவப்பாகும், வண்டி நிற்கும், ஆபத்தில்லை. இங்கே ரிலே கெட்டால் இருட்டாகும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்" என்றார். ஆகவே வலது, இடது, உயர், தாழ் என நான்கிற்கும் தனித்தனி 10 ஆம்பியர் பியூஸ் வைத்தோம். ஒன்று எரிந்தாலும் மற்றொரு விளக்கு நிற்கும். டாஷ்போர்டு அறையில் மாற்று ரிலே ஒன்று இன்றும் இருக்கிறது.

மீண்டும் அளந்தோம். பாட்டரியில் 13.3, விளக்கில் 12.9. மாலையில் குடியிருப்பின் மதிலுக்கு இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ் ஒளி விளக்கின் மையத்துக்குச் சற்றுக் கீழே விழுமாறு திருகித் திருகிச் சரிசெய்தோம். இதைச் செய்யாவிட்டால் நல்ல வெளிச்சம் ஊருக்குத் தொல்லை.

மாமா இவ்வளவு நேரமும் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் மட்டும் புரளவில்லை. நான் அருகே சென்று மீட்டர் காட்டிய எண்கள் இரண்டையும் சொன்னேன். தை மாதத்திலேயே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். "மன்னிக்க வேண்டும், மாமா" என்றேன்.

"அப்படியானால் என் கண்ணுக்கு ஒன்றும் இல்லையா, மாப்பிள்ளை?" என்றார்.

"மருத்துவர் சொன்னது சரிதான், மாமா."

சாவியை அவர் கையில் கொடுத்தேன். காம்ட்டி வரை அவர் ஓட்டினார். நான் அருகில். மனைவியையும் குழந்தையையும் அன்று அழைத்துச் செல்லவில்லை. அதை அவரும் கவனித்திருப்பார். மரங்களின் சுண்ணாம்புப் பட்டை வெகுதூரம் வரை வரிசையாகத் தெரிந்தது. ஊர்ப்பலகை ஒன்றைத் தொலைவிலிருந்தே எனக்கு முன்னால் படித்தார். காம்ட்டியில் தேநீர் குடித்தபின் அவர் ஓட்டும் பக்கத்துக்குப் போகாமல் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"விளக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கண் தெளியக் கொஞ்ச நேரம் ஆகிறது. அது கம்பியால் வந்தது இல்லை. திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள்" என்றார்.

பாதி வழியில் லாரி ஒன்று உயர் ஒளியோடு எதிரே வந்தது. நம்முடைய புது விளக்கின் வலிமையை அதற்கும் காட்டுவோம் என்று என் கை சும்மா இருந்தது.

"தாழ்த்துங்கள், மாப்பிள்ளை" என்றார் மாமா. தாழ்த்தினேன். மூடிக்குள் ரிலே மெல்ல 'டிக்' என்றது. லாரிக்காரர் தாழ்த்தவே இல்லை.