சந்தோஷத் தீவில் ஒரு பகல்

சிங்கப்பூரின் தெற்குக் கரையை ஒட்டினாற்போல் ஒரு சிறு தீவு கிடக்கின்றது. பெயர் செந்தோசா. நாம் 'சந்தோஷம்' என்று வழங்கும் அதே வடசொல்தான் மலாய் மொழிக்குள் போய், அமைதி, நிம்மதி என்ற பொருளோடு அங்கே தங்கிவிட்டது. ஆனால் அத்தீவு பிறந்தபோது வைத்த பெயர் அதுவல்ல. 1970களின் தொடக்கம் வரை அதன் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. புலாவ் என்றால் தீவு; பிளாக்காங் என்றால் பின்புறம்; மாத்தி என்றால் சாவு. ஏன் அப்படியொரு பெயர் வந்தது என்பதற்குக் கடற்கொள்ளைக்காரர் கதையும் உண்டு, காய்ச்சல் கதையும் உண்டு. உல்லாசப் பயணிகளை அழைக்க முடிவுசெய்த அரசாங்கம், சாவின் பெயரோடு யாரையும் அழைக்க முடியாதென்று பொதுமக்களிடம் புதுப்பெயர் கேட்டு, 1972இல் செந்தோசா ஆக்கியது.

இந்தத் தகவலையெல்லாம் நான் படித்துக்கொண்டு போனது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "விளையாட்டு இடத்துக்குப் போறதுக்கும் பாடம் படிச்சித்தான் போவணுமா?" என்றாள். முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான்.

டோஹாவில் தொழில் பார்க்கும் மூத்த மகன் டிக்கட் எடுத்து அனுப்பியிருந்தான். மூன்று இரவு, நான்கு பகல். உம்ராவுக்குப் போய் வந்தாயிற்று. பிள்ளைகளின் கலியாணங்களுக்காகக் கொழும்புக்கும் கண்டிக்கும் அலைந்தாயிற்று. ஆனால் சும்மா சுற்றிப் பார்ப்பதற்கென்று நாங்கள் இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பியது இதுவே முதல் தடவை. நான்கு நாளில் ஒரு நாளை 'யூனிவர்சல் ஸ்டூடியோஸ்' என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு மகனே ஒதுக்கி, நுழைவுச்சீட்டையும் வாங்கி அனுப்பிவிட்டான். இரண்டு பேருக்குமான விலையை எங்கள் ரூபாவில் பெருக்கிப் பார்த்தேன். என் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் போகும். அதை மனைவிக்குச் சொல்லவில்லை.

"இந்த வயசுல ராட்டினம் ஏறினா ஊர்ச்சனம் என்ன சொல்லும்?" என்பது அவளுடைய கவலை. எங்கள் சமூகத்தில் பெண்களின் விளையாட்டுக்கு ஒரு வயதெல்லை உண்டு. பெருநாள் அன்று வேப்பமரத்தில் கட்டிய ஊஞ்சலில் சின்னப் பிள்ளைகள் ஆடலாம். குமரானதும் இறங்கிவிட வேண்டும். பள்ளிவாசல் முற்றத்தில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை ஆயிஷா நாயகி கண்டுகளித்ததையும், நபிகளார் அவரோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும் நம் ஆலிம்கள் மேடையில் அழகாகச் சொல்வார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அது மறந்துபோகும். நான் இந்தச் சம்பவங்களை எடுத்துச் சொன்னபோது, "ஓட்டப்பந்தயம் வேற, ஊளையிடுறது வேற" என்று மடக்கினாள்.

தீவுக்குப் போகும் சிறு றெயிலில் ஏறி ஒரு தரிப்பில் இறங்கினால், உருளும் பெரிய உலக உருண்டை முன்னால் நிற்கின்றது. 2010இல் திறக்கப்பட்ட இந்த வளாகத்தில் பூங்கா மட்டுமல்ல, சூதாட்ட மண்டபமும் இருக்கின்றது. சிங்கப்பூர்ப் பிரஜைகள் அதற்குள் போவதானால் 24 மணித்தியாலத்துக்கு 150 டொலர் வரி கட்ட வேண்டும், வெளிநாட்டவருக்கு ஒன்றுமில்லை. தன் பிள்ளையைக் கெடவிடாமல் காக்கவும் வேண்டும், அயலானின் பணமும் வேண்டும் என்ற கணக்கு. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடந்தோம்.

பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். என் மனைவியின் நடை தளர்ந்ததைக் கவனித்தேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் நாட்டில் அபாயா அணிந்த பெண்ணொருத்தியின் பை எப்படித் திறக்கப்பட்டதென்பது இதை வாசிக்கின்ற எல்லோருக்கும் தெரியும். கடைவாசலில், ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளையின் பாடசாலை வாசலில். முன்னால் போகின்றவர்களை விட்டுவிட்டு இவளை மட்டும் நிறுத்துவார்கள். இங்கே எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரரின் பை திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் நின்ற சீனக் கிழவியின் பையும் திறக்கப்பட்டது. எங்கள் முறை வந்தது. ஒரு சின்னக் குச்சியால் உள்ளே விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ஜோய்" என்றாள் அந்தப் பிள்ளை. "எல்லார்ட பையையும் பாத்தா மனசு நோகாது" என்றாள் இவள். பாதுகாப்பு நிபுணர்கள் புத்தகமாக எழுதவேண்டியது அவ்வளவுதான்.

உள்ளே ஒரு குளத்தைச் சுற்றி ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஹொலிவூட் தெரு, நியூயோர்க் தெரு, எதிர்கால நகரம், பண்டைய எகிப்து, டைனோசர் காடு, ஷ்ரெக் கோட்டை. ஏழாவதாக இருந்த மடகஸ்கார் 2022இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் மஞ்சள் நிற மினியன்களின் ஊர் 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கின்றது. நியூயோர்க் தெருவின் மாடிவீடுகளுக்கு முகப்பு மாத்திரமே உண்டு. முகப்பை மட்டும் கட்டி முழு ஊரென்று நம்பவைப்பது சினிமாக்காரரின் வித்தை. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்ட காலந்தொட்டு இத்தகைய பூங்காக்களின் அடிப்படையும் அதுவே.

அதைவிடப் பெரிய வித்தை வரிசை. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டுமென்று பலகை சொல்கின்றது. வரிசையைப் பாம்புபோல் மடித்து மடித்து விட்டிருக்கின்றார்கள். அதன் நீளம் ஒருபோதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் பார்க்க ஏதாவது வைத்திருக்கின்றார்கள். கூடுதலாகப் பணம் கொடுத்தவர்கள் வேறொரு வழியால் கெதியாய் உள்ளே போய்விடுகின்றார்கள். புத்தளத்து முகாமில் நிவாரண அரிசிக்குக் கூப்பனோடு நின்ற கால்கள் எங்களுடையவை. "அது சும்மா கிடைக்கிறதுக்கு நின்ட வரிசை, இது காசு குடுத்திட்டு நிக்கிற வரிசை" என்றாள். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

நீல, சிவப்பு நிறங்களில் இரண்டு றெயில்கள் ஆகாயத்தில் ஒன்றையொன்று துரத்தும் விளையாட்டு அங்கே பேர்போனது. 42 மீற்றர் உயரம். இரத்த அழுத்தம், இருதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாதென்று வாசலில் பலகை. எனக்கு முதலாவது, அவளுக்கு மூன்றாவது. கீழே வாங்கில் இருந்து, தலைக்கு மேலே பறந்த கூச்சல்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எகிப்தில் பாலைவன ஜீப் ஓட்டினோம். அது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. நீர்ச்சாகசக் காட்சியில் விமானமொன்று மதிலைத் தாண்டி வந்து விழுந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். சபையில் என் கையைப் பிடித்தது எத்தனையாம் ஆண்டுக்குப் பிறகென்று எண்ணிப் பார்த்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு முயிஸ் நிறுவனத்தின் ஹலால் சான்றிதழ் தொங்கிய கடையைத் தேடிப் பிடித்தோம். 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றம் அது. 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகின்றது. ஹலால் இலச்சினை நம் நாட்டில் 2013இல் எவ்வளவு பெரிய பூதமாக்கப்பட்டதென்று நினைத்துக்கொண்டேன். இங்கே அது கடைச்சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் சாதுவாகத் தொங்குகின்றது. சாப்பிட்டு, கட்டடமொன்றின் பின்புறம் மலேசியக் குடும்பமொன்று விரிப்பு விரித்திருப்பதைக் கண்டு அவர்களோடு சேர்ந்தோம். பிரயாணிகள் என்ற சலுகையில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். கிப்லா அங்கேயும் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்ததுதான். ஊர்ப் பள்ளியில் நிற்பது போலவே நின்றோம்.

அதன்பிறகுதான் அந்த ஆறு.

டைனோசர் காட்டுக்குள் செயற்கையாக ஒரு காட்டாறு ஓடுகின்றது. வட்டமான தோணி, ஒன்பது பேர் முகத்துக்கு முகம் பார்த்து இருக்கலாம். நனைந்துவிடும் என்பதால் பைகளை லொக்கரில் வைக்கச் சொன்னார்கள். இவள் அசையவில்லை.

இந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்த எங்களுக்கு அது கடல்வழி. துவக்கோடு வந்தவர்கள் சொன்ன நாளில், கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிக்கொண்டு மழைக்குள் கடற்கரையில் கிடந்தோம். பின்னர் மீன்பிடி வள்ளங்களில் அடுக்கப்பட்டுக் கற்பிட்டிக்குப் போனோம். இவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மடியில் எட்டு மாதப் பிள்ளை. இப்போது டோஹாவிலிருந்து டிக்கட் அனுப்பியவன் அவன்தான். பிள்ளைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் கலியாணப் பதிவு, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, என் ஆசிரிய நியமனக் கடிதம். பக்கத்து வள்ளத்தில் ஒரு கைக்குழந்தை இரவோடு மௌத்தாகிப் போனது. தாய் விடியும் வரை அதைச் சொல்லாமல் மடியில் வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து இவள் வள்ளம் ஏறியதில்லை. பொலித்தீன் பை தோற்பையானது. ஆனால் அதை அவள் தோளிலிருந்து இறக்கியதும் இல்லை. கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் அது இருக்கும். உறங்கும்போது தலையணைக்குக் கீழ் இருக்கும். பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அசல் பத்திரங்களில் பாதி அதற்குள் இன்றைக்கும் இருக்கின்றன.

"நீங்க போயிட்டு வாங்க, நான் பையோட நிக்கிறன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. "அப்ப நானும் போகல்ல" என்று சொல்லி, வேலியோரமாய் நின்றேன். தோணிகள் வந்து வந்து போயின. நனைந்த கோழிகள்போல் இறங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். கால்மணி நேரம் அப்படிப் போயிருக்கும். ஒரு கிழவர் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவர்களுக்கு எங்களைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அந்தக் கிழவி மறுபடி வரிசையின் வாலுக்குப் போனாள். இவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்க, அந்தப் பெட்டி நல்லாப் பூட்டுமா?"

இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவளே இழுத்துப் பார்த்தாள். பிஸ்மி சொல்லித் தோணியில் கால் வைத்தாள். தோள் வெறுமையாய் இருந்தது. கை அடிக்கடி அங்கே போய்த் தேடியது. தண்ணீர் முதலில் அடித்தபோது கண்ணை மூடி ஏதோ ஓதினாள். இருட்டுக் கட்டடமொன்றுக்குள் தோணி மேலே உயர்த்தப்பட்டு, கதவு திறந்து, சரிவில் பாய்ந்தது. அவள் கத்தினாள். அது பயத்தின் சத்தமா என்று பதறிப்போய்த் திரும்பினேன். முந்தானை முகத்தோடு ஒட்டிக்கிடக்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த கொரியப் பிள்ளைகளும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருட தாம்பத்தியத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. முன்பல் ஒன்று இல்லாததை மறைக்காத சிரிப்பு.

இறங்கியதும் நேரே லொக்கருக்கு ஓடினாள். பை இருந்தது. திறந்து, கடதாசிகளைத் தொட்டு எண்ணிவிட்டு, பழையபடி தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு சவாரியில் மனிதர் மாறிவிடுவதில்லை.

நாலு மணிக்கு வெளியே வந்து, தீவின் மேற்கு முனையிலுள்ள சிலோசோக் கோட்டைக்குப் போனோம். அங்கே கட்டணமில்லை. பதினொரு மாடி உயரத்தில் மரங்களின் தலைக்கு மேலால் 181 மீற்றர் நீளத்தில் ஒரு நடைபாலம். கடலைப் பார்த்து ஆங்கிலேயர் நிறுத்திய பீரங்கிகள் இன்னும் நிற்கின்றன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து கொல்லப்பட்ட சீனர்களின் சடலங்கள் இந்தக் கரையிலும் ஒதுங்கின. இதே தீவில்தான், 1966இல் கைதாகி விசாரணையின்றி 23 வருடம் சிறையிலிருந்த சியா தை போ, 1989இலிருந்து மூன்றாண்டுகள் ஓர் ஒற்றையறைக் காவல்வீட்டில் வைக்கப்பட்டார். கேளிக்கைத் தீவில் ஒரு கைதி. அவர்மீதிருந்த தடைகள் முற்றாக நீங்க 1998 ஆனது.

உல்லாசத் தீவாவதற்கு முன் இங்கே மலாய்க் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் வாழ்ந்த கிராமங்கள் இருந்தன என்றும், அவர்கள் அக்கரைக்கு மாற்றப்பட்டார்கள் என்றும் சொன்னேன். இவள் நடந்துகொண்டே கேட்டாள்:

"அந்தச் சனத்துக்காச்சும் டிக்கட் இல்லாம உள்ள விடுவாங்களா?"

மஃரிபுக்கு அக்கரையில் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள தெமங்கோங் தாயெங் இப்ராஹிம் பள்ளிவாசலுக்கு நடந்தோம். அருகே ஜோஹோர் அரச குடும்பத்தின் மூதாதையர் அடங்கிய மையவாடி. அவர்கள் குடிபெயர்ந்து ஜோஹோருக்குப் போய் ஒன்றரை நூற்றாண்டாகின்றது. ஆனாலும் சிங்கப்பூர் மண்ணில் நிற்கின்ற அந்தப் பள்ளியை இன்றைக்கும் ஜோஹோர் அரசுதான் பராமரிக்கின்றது. போனவர்கள் பள்ளியையும் கப்றுகளையும் கைவிடவில்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய நாங்கள், எங்கள் மையவாடியில் உடைமுள்ளை வெட்டி வெட்டித்தான் வாப்பாவின் தலைமாட்டுக் கல்லைக் கண்டுபிடித்தோம். அந்தக் காணியின் உறுதி எங்கேயென்று கேட்பவர்கள் இன்றும் இருக்கின்றார்கள்.

அது அவளுடைய பையில் இருக்கின்றது.