ஆறு நம்பர்

அம்மாவுக்கு இணைய வங்கிச் சேவையைப் பதிந்து கொடுத்தவன் நான்தான். 2019 தீபாவளிக்குச் சுங்கை பட்டாணி வீட்டுக்குப் போயிருந்தபோது செய்தது. அடுத்த மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நான் கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டேன், மாநிலம் தாண்ட முடியாது. லைட் பில், தண்ணி பில் எல்லாவற்றையும் என் மடிக்கணினியிலிருந்தே கட்டினேன். ஒவ்வொரு தடவையும் வங்கி அம்மாவின் கைப்பேசிக்கு டேக் எண் அனுப்பும். நான் அழைப்பேன்.

“அம்மா, நம்பர் வந்துருச்சா? படிங்க.”

குறுஞ்செய்தி மலாயில் இருக்கும். முதல் தடவை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “அதெல்லாம் வேணாம்மா, ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க” என்றேன். அதன்பிறகு அவர் ஆறு நம்பரை மட்டும்தான் சொல்வார். நான் படிக்க வேண்டாம் என்று சொன்ன பகுதியில்தான், இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வரி இருந்தது.

2021 ஜூலையில் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். மலாயில், வார்த்தைக்கு வார்த்தை ‘புவான்’ போட்டு மரியாதையாகப் பேசியிருக்கிறான். கணக்கு முடங்கப் போகிறது, உடனே சரிபார்க்க வேண்டும் என்றான். சமையலறைக் குதிரை காலண்டரின் பின்பக்கத்தில் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதிவைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. வாசித்தார். பிறகு ஆறு நம்பர் வந்தது. அதையும் வாசித்தார். கூரைத் தகரம் மாற்றச் சேர்த்துவைத்த 4,300 வெள்ளி போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்காதான் அம்மாவை பாலாய்க்கு அழைத்துப்போய் ரிப்போர்ட் செய்தார். உடனே அழைக்க 997 என்ற எண் அப்போது இல்லை, அது 2022 அக்டோபரில்தான் வந்தது. வங்கியில் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர் சரி, கடவுச்சொல் சரி, டேக் எண் சரி. ஆகவே பணத்தை அனுப்பியது புவான்தான்.

அன்று இரவு அம்மா அழவில்லை. “நீ கேக்கிற மாதிரியேதான் தம்பி கேட்டான்” என்றார். அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று இப்போது சொல்லியாக வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். மாணவர்களை வைஃபையில் சேர்ப்பதும், அவர்களுடைய கடவுச்சொல் திருடுபோகாமல் பார்ப்பதும் என் வேலை.

வைஃபைக்கு எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம். கண்டீனில் ஒருவன் ஒரு சின்னப் பெட்டியை வைத்து அதற்கு எங்கள் வைஃபையின் பெயரையே கொடுத்தால், கைப்பேசிக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் எங்களுடையதைப் போன்ற வலையமைப்புகளில் சோதனை இரு பக்கமும் நடக்க வேண்டும். மாணவர் தன்னை நிரூபிக்கும் முன், எங்கள் சர்வர் தன் சான்றிதழைக் காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டும். அதைச் சரிபார்க்காமல் கைப்பேசி பேசத் தொடங்கினால், போலிப் பெட்டிக்குக் கடவுச்சொல் நேராகப் போகாவிட்டாலும் அதிலிருந்து பிறந்த விடை போகும். அந்த விடையிலிருந்து உள்ளே நுழையத் தேவையான சாவியைப் பிரித்தெடுக்கலாம் என்று 2012 டெஃப்கான் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு திருடியவன் செய்வதெல்லாம் எங்கள் பதிவேட்டில் அந்த மாணவர் செய்ததாகவே விழும். பெயர் சரி, கடவுச்சொல் சரி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், புதிய மாணவர்களுக்கான வழிகாட்டியில் நான் எழுதியிருந்த மூன்றாம் படி இது: ‘சான்றிதழ் என்று கேட்டால், சரிபார்க்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.’ அப்படி எழுதினால் உதவி கேட்டு வரும் அழைப்புகள் குறையும். ஆண்ட்ராய்டு 11க்கு 2020 இறுதியில் வந்த ஒரு புதுப்பிப்பு அந்த விருப்பத்தையே எடுத்துவிட்டது. ‘வைஃபை வேலை செய்யல’ என்று மாணவர்கள் வரிசையில் நின்றபோது நான் கூகிளைத்தான் திட்டினேன்.

அம்மா சொன்ன அந்த வரிக்குப் பிறகு வழிகாட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் படியும், ‘ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க’ என்பதும் ஒரே வாக்கியம்தான். இரண்டையும் சொன்னவன் நான். ஏமாந்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அம்மா ஏமாந்தது விவரம் தெரியாததால் அல்ல. பதினாறு மாதம் நான் கொடுத்த பயிற்சியை அவர் பிசகாமல் செய்தார்.

வழிகாட்டியை மாற்றி எழுதினேன். படிகள் கூடின, அழைப்புகளும் கூடின. அலுவலக மடிக்கணினிகளில் இப்போது கடவுச்சொல்லே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ், அதன் ரகசியச் சாவி இயந்திரத்தை விட்டு வெளியே வராது. வாயால் சொல்ல ஒன்றும் இல்லாதபோது கேட்டு வாங்கவும் ஒன்றும் இல்லை. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிடும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. அம்மா இப்போது தன் கைப்பேசியிலேயே, தன் விரல் வைத்து, லைட் பில்லைத் தானே கட்டுகிறார். நான் கட்டுகிறேன் என்றால் விடுவதில்லை.

போன மாதம் என் கைப்பேசி பழுதாகி, நண்பனின் எண்ணிலிருந்து அம்மாவை அழைத்தேன்.

“அம்மா, நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“உங்க மகன்மா. குரல் தெரியலயா?”

“குரல் கெடக்கட்டும். தோட்டத்துல இருந்தப்ப நீ எதுலேருந்து விழுந்து கைய ஒடச்சிக்கிட்ட?”

நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். பதிலைச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தப் பதிலை இங்கே எழுதப் போவதில்லை.