கிரிவலப் பாதையில் ஒரு முள்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிப் பாருங்கள். எதிரே வேதகிரி நிமிர்ந்து நிற்கும். 500 படிகளுக்கு மேல் ஏறினால் வேதகிரீசுவரர் தரிசனம். ஒரு காலத்தில் உச்சி வேளையில் கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போகும். அதைக் காணவே கூட்டம் கூடும். 1990-களோடு அந்த வருகை நின்றுவிட்டது. ஆனால் பௌர்ணமிதோறும் மலையை வலம் வரும் மனிதர்கள் நிற்கவில்லை.

ஒரு பௌர்ணமியன்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பினேன். முன்னால் ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்தபடி நடந்தார். ஒரு திருப்பத்தில், காலி மனை ஒன்றின் சீமைக் கருவேலம் வேலியைத் தாண்டித் தார் ரோட்டின் விளிம்புவரை கை நீட்டியிருந்தது. ஓரத்தில் நடக்க வழியில்லை. பாட்டி ரோட்டுக்குள் விலகினார். பின்னாலேயே பஸ்! ஹாரன் அலறியது, நல்லவேளை, டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். உயிர் தப்பியது, காலில் முள் தைத்தது.

பக்கத்து டீக்கடையில் பாட்டியை உட்கார வைத்து முள்ளை எடுத்தோம்.

"மனைக்காரரிடம் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவர் பட்டணத்திலே இருக்காருங்க. முள்ளு மட்டும்தான் இங்கே குடியிருக்கு!" என்றார் கடைக்காரர்.

சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் சிரிப்பதற்குரியதா, சொல்லுங்கள்!

சொந்தக்காரர் எங்கிருந்தாலும் பொறுப்பு அவரோடுதான் இருக்கிறது. பொதுவழிக்கு இடையூறானதையும், வழிப்போக்கர் மேல் விழக்கூடிய மரத்தையும் அகற்றும்படி உரியவருக்கு மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152-வது பிரிவாக இருக்கிறது. இங்கிலாந்திலோ, 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி 14 நாள் நோட்டீஸ் வரும். அதற்குள் கிளையை வெட்டாவிட்டால் அதிகாரிகளே வெட்டுவார்கள். கூலிக் கணக்கு மட்டும் வீட்டுக்காரருக்கு வரும்!

சீமைக் கருவேலம் சாமானியச் செடியல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ம் நூற்றாண்டில் வந்தது. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பறிக்க வேண்டும். 2022-ல் தமிழக அரசு இத்தகைய அந்நியச் செடிகளை அகற்ற ஒரு கொள்கையே வகுத்தது. அரசு காட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்; நம் வேலியை நாம் பார்த்துக்கொள்ள வேண்டாமா? வெட்டிய முள்ளை ரோட்டிலேயே போட்டுவிடாமல் அப்புறப்படுத்தவும் வேண்டும்.

பாட்டி எழுந்தார். "மீதி வலத்தையும் முடிச்சுடறேன் தம்பி" என்று நொண்டிக்கொண்டே நடந்தார்.

ஊர் திரும்பினேன். என் வீட்டு வாசலில் காகிதப்பூக் கொடி சுவரைத் தாண்டித் தெருவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசையாக வளர்த்த கொடிதான். அதற்கும் முள் உண்டு. காப்பியைக்கூடக் குடிக்காமல் முதலில் அரிவாளைத் தேடினேன்.

உங்கள் வீட்டு வேலி எப்படி இருக்கிறது? ஒரு நடை தெருப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.