பேச்சுக்கு முன் ஒரு பேச்சு

எண்ணை அழுத்துகின்றோம், மறுமுனையில் மணி அடிக்கின்றது. இடையிலுள்ள சில நொடிகளில் என்ன நடக்கின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா, நண்பர்களே? நாம் 'ஹலோ' சொல்வதற்கு முன்பே இணைப்பகங்கள் தமக்குள் பேசி முடித்துவிடுகின்றன. அதற்குச் சைகை முறை என்று பெயர். பேச்சு போகும் தடத்திலேயே சைகையையும் அனுப்புவதா, தனிப்பாதை போடுவதா என்பதே அதை வடிவமைப்போர் முன் நின்ற பெருங்கேள்வி.

அமெரிக்காவில் முன்பு நெடுந்தொலைவு அழைப்புகளில் இரண்டும் ஒரே தடத்தில் சென்றன. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் 'தடம் காலி' என்று பொருள். 1950களில் ஜோ எங்கிரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் அதே சுருதியில் சீழ்க்கையடித்து இணைப்பைத் துண்டித்துவிட்டான்! எனக்கென்னவோ அவன்மேல் தனிப் பிரியம். 1976-இல் அங்கே சைகைக்குத் தனிப்பாதை வந்தது. சீழ்க்கை பலிக்கவில்லை, ஆனால் வேறோர் ஆபத்து வந்தது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நியூயார்க் இணைப்பகம் ஒன்று சிறு கோளாறிலிருந்து மீண்டு, 'நான் நலம்' என்று அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பிற்று. மென்பொருளில் ஒரு வரி இடம் மாறியிருந்தது. செய்தி கேட்டவை தாமும் படுத்தன. எழுந்து 'நலம்' என்றன. அதைக் கேட்டவையும் படுத்தன. 114 இணைப்பகங்கள், ஒன்பது மணி நேரம்! கம்பிகள் எல்லாம் நன்றாகவே இருந்தன.

அகலக்கற்றை வலைகளில் சைகையின் பொறுப்பு இன்னும் கூடுதல். வழியை மட்டுமன்றி, எவ்வளவு அகலம் வேண்டும் என்பதையும் கேட்டுப் பெற வேண்டும்.

ஓர் அழைப்பில் முதலில் எண் போகின்றது; 'மணி அடிக்கின்றது' என்று மறுமொழி வருகின்றது; பிறகே 'எடுத்துவிட்டார்' என்ற செய்தி. கட்டணம் ஓடத் தொடங்குவது இந்தக் கடைசிச் செய்திக்குப் பின்னர்தான். நூலகத்தில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆனால் எழுத்தறியாத என் அம்மா இதை எனக்கு முன்பே அறிந்தவர். கட்டட வேலைக்கு வெளியூர் போகும் அப்பா ஒருமுறை 'மிஸ்டு கால்' கொடுத்தால் 'போய்ச் சேர்ந்தேன்'. இரண்டு கொடுத்தால் 'கூலி வாங்கிவிட்டேன்'. காலணாச் செலவில்லை. மணி வராத இரவுகளும் உண்டு. அன்று அம்மா உலை வைக்க மாட்டார். செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார்.

இப்போது எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் கட்டணமில்லை. அப்பா இன்னும் ஒரு மணி அடித்துத்தான் துண்டிக்கின்றார். அம்மாவும் எடுப்பதில்லை, அரிசி களையப் போய்விடுகின்றார்.