250 சொற்கள்

பேசத் தெரிந்த மொழியில் எழுத முடியாமல் தவிப்பது எங்கள் பாடசாலைகளுக்குப் புதிய விடயமல்ல. வாய் ஓயாமல் கதைக்கும் பிள்ளை, கொப்பியைத் திறந்ததும் ஊமையாகிவிடும். ஆனால் அதே நோயைப் பிரெஞ்சு மொழியில் கொண்டுவந்து ஒருவர் என்னிடம் வைத்தியம் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நான் கிராமத்துத் தமிழ் ஆசிரியன். ஆசிரிய கலாசாலையில் எனக்குப் பயிற்சி தந்ததும் தமிழ் கற்பிக்கத்தான். 'மெர்சி'க்கு அப்பால் பிரெஞ்சில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

கேட்டவள் எனது பழைய மாணவி. உயர்தரம் முடித்தபின் கண்டிக்குப் பஸ் ஏறி, அலியான்ஸ் பிரான்ஸேஸில் நான்கு வருடங்களாகப் பிரெஞ்சு படித்து வந்தாள். பிரான்சில் பல்கலைக்கழகமொன்றில் சேர வேண்டுமென்பது அவளது ஆசை. பிரெஞ்சில் நடைபெறும் பட்டப்படிப்புகளில் பெரும்பாலானவை பி-2 தரத்தைக் கேட்கின்றன. அதை நிரூபிக்கும் வழிகளில் ஒன்று 'டெல்ஃப்' பரீட்சை.

"கதைக்க ஏலுது சேர். வாசிக்கவும் ஏலுது. எழுத்துலதான் விழுறன்" என்றாள். மாதிரிப் பரீட்சையில் எழுத்துப் பிரிவுக்கு 25க்கு 7 கிடைத்திருந்தது.

பரீட்சையின் அமைப்பை அவளிடமிருந்தே கற்றுக்கொண்டேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். மொத்தம் 50 எடுத்தால் சித்தி. ஆனால் ஏதாவதொரு பிரிவில் 5க்குக் கீழே போனால் மற்றவை எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை. ஒருமுறை சித்தியடைந்தால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். எழுத்துப் பிரிவில் ஒரே வினா, ஒரு மணித்தியாலம், குறைந்தது 250 சொற்கள். அதிகாரி ஒருவருக்குக் கடிதமாகவோ, பத்திரிகைக்குக் கட்டுரையாகவோ, ஒரு விவாதத்தில் பங்களிப்பாகவோ தனது நிலைப்பாட்டைக் காரணங்களோடு எழுத வேண்டும். அகராதிக்கு அனுமதியில்லை.

நீண்டகாலம் வழக்கிலிருந்த புள்ளித் திட்டமொன்றையும் காட்டினாள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 25 புள்ளிகளில் எழுத்துக்கூட்டலுக்கு ஒன்றே ஒன்று! விடயங்களை முன்வைப்பதற்கு 3, நிலைப்பாட்டை வாதிட்டு நிறுவுவதற்கு 3, கருத்துகள் ஒன்றோடொன்று இசைந்து வருவதற்கு 4. லகர ளகரப் பிழைகளுக்கே சிவப்புப் பேனை தீர்ந்துபோகும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்தான்.

அவள் எழுதி 7 புள்ளி வாங்கிய கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். வினா இதுதான்: செலவைக் குறைப்பதற்காக நகரசபை உங்கள் வட்டார நூலகத்தை மூடப்போகிறது, வாசகர்கள் சார்பில் மேயருக்கு எழுதுக. அவளது கடிதம் நூலகம் அறிவின் ஊற்று என்று தொடங்கியது. புத்தகத்தின் மகிமை, வாசிப்பின் பயன், பெரியோர் வாசித்து உயர்ந்த கதை. கடைசி இரண்டு வரிகளில், ஆகவே தயவுசெய்து மூட வேண்டாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எந்தத் தமிழ்த் தினப் போட்டியிலும் பரிசு கிடைக்கும்.

"மகள், மேயர் புத்தகத்துக்கு எதிரியா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். அவரிட்ட காசில்ல."

"அப்ப புத்தகம் நல்லதெண்டு அவருக்கு ஏன் சொல்றீங்க?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டாள்.

எங்கள் கட்டுரை மரபு பிழையென்று சொல்ல நான் வரவில்லை. எல்லோரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒன்றை அழகாகச் சொல்லி மகிழ்வதற்கான மரபு அது. அதற்கும் ஒரு தேவை இருக்கிறது. பிரெஞ்சுப் பரீட்சை கேட்பது வேறு வேலை. அங்கே எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் வேறுவிதமாக முடிவெடுத்துவிட்டார். அவரை அவமதிக்காமல், கெஞ்சாமல், அவர் மனதை அசைக்க வேண்டும்.

அன்றிலிருந்து மஃரிபுக்குப் பிறகு, வாரத்தில் இரண்டு நாட்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் பாடம் நடந்தது. ஒரு தாளை நடுவில் மடிப்போம். இடப்பக்கத்தில் எதிராளியின் நியாயங்கள். வலப்பக்கத்தில் அவற்றுக்கான பதில்கள். இடப்பக்கம் நிரம்பும்வரை வலப்பக்கத்தைத் தொடக்கூடாது என்பது என் சட்டம். நூலகக் கடிதத்துக்கே மூன்று நாட்கள் சென்றன. கட்டடத்துக்குச் செலவு அதிகம், வருகிறவர்கள் குறைவு, எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறது என்று இடப்பக்கம் வந்தது. வலப்பக்கத்தில் ஒரு நாளும் மகிமை வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் திறந்தால் போதும், கட்டடத்தை முதியோர் சங்கத்தோடு பகிரலாம், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் பாடசாலை விட்டதும் எங்கே போவார்கள் என்றெல்லாம் வந்தன. அந்த மடித்த தாளிலிருந்துதான் பிரெஞ்சுக் கடிதம் பிறந்தது. 10 நிமிடம் தாளுக்கு, 40 நிமிடம் எழுத, 10 நிமிடம் திரும்ப வாசிக்க என்று நேரத்தையும் பிரித்துக்கொண்டோம்.

எதிராளியின் நியாயத்தை முதலில் ஒத்துக்கொண்டு பிறகு திரும்புவதற்குப் பிரெஞ்சில் தேய்ந்த பாதையே உண்டாம். 'செர்த்' என்று தொடங்கினால் 'உண்மைதான்' என்று பொருள். அடுத்த வசனம் 'ஆனால்' என்று திரும்பும். பேச்சில் நாமும் "நீங்க சொல்றது சரி, எண்டாலும்..." என்றுதானே தொடங்குகிறோம்? கட்டுரை எழுத உட்கார்ந்தால் மட்டும் அது எங்கோ போய்விடுகிறது.

மொழிச் சிக்கல்கள் வேறு. அவற்றில் நான் வெறும் கேட்பவன். ஆனாலும் ரசித்துக் கேட்டேன். பிரெஞ்சில் வினைச்சொல்லின் ஈறுகள் பலவற்றை எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். 'நான் பேசுகிறேன்', 'நீ பேசுகிறாய்', 'அவர்கள் பேசுகிறார்கள்' என்ற மூன்றிலும் வினைச்சொல் காதுக்கு 'பார்ல்' என்றே கேட்கும். தாளில் மூன்றும் மூன்று விதம். நன்றாகக் கதைப்பவள் எழுத்தில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் பிள்ளைகளின் நாக்கில் ளகரமும் ழகரமும் ஒன்றாகிப்போய்த் தாளில் தடுமாறுவதும் இதே வியாதிதான். மேசைக்கும் பால் உண்டு, அது பெண்பால். ஆங்கிலத்தில் 'த' என்பதைப் போன்ற சிறு சொல்லொன்று ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் முன்னால் நிற்க வேண்டும். தமிழில் அப்படியொன்று இல்லாததால் அவசரத்தில் விட்டுவிடுவாள். இவற்றைவிடப் பெரிய தொல்லை, 'போய், பார்த்து, கேட்டு, வந்து' என்று நாம் சங்கிலியாகக் கோக்கும் வசனம். அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் 'உம்', 'உம்' என்ற வரிசையாகிவிடும். ஒரு வசனத்துக்கு ஒரு வினை, பிறகு முற்றுப்புள்ளி என்று அவளே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள்.

சொல் எண்ணும் விதி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே நிற்பதெல்லாம் ஒரு சொல். 'செ-தா-தீர்' என்றால் 'அதாவது' என்று பொருள். சிறுகோடு போட்டு இணைத்திருப்பதால் அதுவும் ஒன்றே. ஒவ்வொன்றாக எண்ணி அவள் நேரத்தை விரயமாக்கிக்கொண்டிருந்தாள். தன் கையெழுத்தில் ஒரு வரிக்குச் சராசரி எத்தனை சொல் என்று பார்க்கச் சொன்னேன். பத்து. அப்படியானால் 25 வரிகள். அத்தோடு எண்ணுவது நின்றது.

கடிதத்தின் முடிவு வாசகத்தை மட்டும் மனனம் செய்யச் சொன்னேன். 'மேயர் அவர்களே, எனது மேலான வணக்கங்களை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்' என்ற பாணியில் ஒரு நீண்ட வசனம். தொடக்கத்தில் எப்படி விளித்தோமோ அதே விளி முடிவிலும் வர வேண்டும். 'நீ', 'நீங்கள்' வேறுபாடு அவர்களிடமும் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் மாணவியையும் 'நீங்க' என்பதைச் சொன்னால் பிரெஞ்சுக்காரர் என்ன நினைப்பாரோ!

இதற்கிடையில் உண்மையான மேயர் ஒருவர் வீட்டிலேயே இருந்தார். அவளது வாப்பா கட்டாரில் சாரதி. பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதற்கு அவர் ஒரேயடியாக மறுத்திருந்தார். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அழுகையில் முடியும். ஒருநாள் அவள் மடித்த தாளொன்றோடு வந்தாள். இடப்பக்கம் முழுவதும் வாப்பாவின் நியாயங்கள்: அங்கே உறவினர் எவருமில்லை, விசாவுக்கு வங்கியில் காட்டப் பணம் வேண்டும், நாலு வருடத்தில் திரும்பி வந்தால் இங்கே என்ன தொழில், ஊர் என்ன சொல்லும். அதைப் பார்த்துத் தமிழில் கடிதம் எழுதியிருந்தாள். "நீங்க பயப்படுறது சரி வாப்பா" என்று அது தொடங்கியது. பழமொழி ஒன்றும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மட்டும் அவளிடம் பதில் இருக்கவில்லை, இல்லையென்றே எழுதியிருந்தாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

பத்து நாட்களுக்குப் பிறகு வாப்பா உம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாராம்: "இதுக்கெல்லாம் எனக்கு உடனே பதில் வருகுதில்ல. பரீட்சைய எழுதட்டும். மத்தத வந்து பேசுவம்."

எழுதினாள். எழுத்துப் பிரிவில் 15.5. மொத்தம் 61. தனது பலமென்று நம்பியிருந்த பேச்சில்தான் 13. இனி வாப்பா அடுத்த மாதம் லீவில் வருகிறார். அவர் கேட்கக்கூடிய கேள்விகளை அவள் இப்போதே ஒரு தாளில் எழுதி வருகிறாள். இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கத்தில் இரண்டு இடங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.